தண்ணீர் கலங்கினால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்



நேற்று ராத்திரி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு போட்டோ போட்டிருந்தான். புதிதாக வாங்கிய மீன்தொட்டி. தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. "நாலு நாள்தான் ஆச்சு, என்ன பண்றது?" என்று கேட்டிருந்தான்.

காலையில் எழுந்து பார்க்கிறேன், 23 பதில்கள். 34 வருடம் வருகைப் பதிவேடு எடுத்த கை சும்மா இருக்குமா? எண்ணினேன். மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவு என்றவர்கள் 14 பேர். கடையில் மருந்து பாட்டில் வாங்கி ஊற்று என்றவர்கள் 4 பேர். படிகாரம் போடு என்று இருவர். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்று என்று ஒருவர். வீட்டுக்குத் திருஷ்டி, மீன் வாங்கிக்கொள்கிறது என்று ஒருவர். கட்டைவிரல் காட்டியவர் ஒருவர். "கொஞ்சம் பொறு" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

குழுவில் பதில் போட்டால் அடுத்த குட்மார்னிங் படத்துக்கு அடியில் புதைந்துபோகும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலங்கிய தண்ணீரைப் பார்த்துப் பதறி நாம் செய்கிற சுத்தம்தான் பெரும்பாலான வீடுகளில் மீனைக் கொல்கிறது. யாரோ சொன்னதை வைத்து இதைச் சொல்லவில்லை. ஐந்து மீன்களை என் கையாலேயே கொன்றிருக்கிறேன்.

ஒன்றரை வருடம் முன்பு பேரனின் ஏழாவது பிறந்தநாளுக்கு அவனுடைய மாமா ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக்கொடுத்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூடவே ஆறு பொன்மீன்கள். கடைக்காரர் அன்றைக்கே தண்ணீர் ஊற்றி, அன்றைக்கே மீனையும் விடச் சொல்லிவிட்டார். பேரனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆறுக்கும் பேர் வைத்தான். வாலில் வெள்ளைப் புள்ளி உள்ளதற்கு 'ஆரஞ்சு' என்று பேர். வெள்ளைப் புள்ளி உள்ளதற்கு ஏன் ஆரஞ்சு என்று கேட்கக்கூடாது.

மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்தது. என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வகுப்பறையில் ஒரு காகிதத்துண்டு கிடந்தால் பாடம் ஆரம்பிக்கமாட்டேன். மீன்களை வாளியில் விட்டேன். தொட்டியைக் காலி செய்து பாத்திரம் விளக்கும் பொடி போட்டுத் தேய்த்தேன். கற்களை வெந்நீரில் அலசினேன். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்து, பிழிந்து பிழிந்து, வாங்கிய அன்று இருந்த வெள்ளை வரும்வரை கழுவினேன். குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றினேன். தொட்டி பளபளவென்று இருந்தது. மருமகள்கூட "அத்தை கை பட்டா அதுவே தனி" என்றாள். எனக்கும் பெருமைதான்.

இரண்டு நாளில் மறுபடி வெள்ளை. மறுபடி கழுவினேன். ஒரு மீன் செத்தது. கடைக்காரர் நீலச் சொட்டு மருந்து கொடுத்தார். ஊற்றினேன். இன்னொன்று போயிற்று. அடுத்து 'தண்ணீர் தெளிய' என்று ஒரு பாட்டில். அதுவும் ஊற்றினேன். ஒரு நாள் தெளிந்தது, பிறகு கலங்கியது. மூன்றாவது முறையும் தேய்த்துக் கழுவினேன். பதினெட்டு நாளில் ஐந்து மீன்கள் செத்தன. மிஞ்சியது ஆரஞ்சு மட்டும். அதுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பேரன் என்னிடம் கேட்டான்: "பாட்டி, நான் சாப்பாடு நிறைய போட்டதால செத்துப்போச்சா?"

வீட்டில் ஒரு பெரியவர் சட்டென்று சொன்னார்: "இல்லடா கண்ணா, நம்ம வீட்டுக்கு வரவேண்டிய கெட்டத மீன் வாங்கிக்கிச்சு." பிள்ளை சமாதானமாகிவிட்டான். எனக்குத்தான் சமாதானம் வரவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த வாரம்தான் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது கொளத்தூர் பக்கம் வண்ணமீன் வளர்த்து விற்கிறான். கொளத்தூர் என்றால் வண்ணமீன் என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவன், காபியைக் கையில் எடுக்காமலே தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டீச்சர், பஞ்சை எதுல கழுவுறீங்க?"

"குழாயடியில்தாம்பா. நல்லா கழுவுறேன்."

"கழுவாதீங்க டீச்சர். நீங்க நைட்ரஜன் சுழற்சின்னு போர்டுல ஒரு படம் போடுவீங்களே, அம்புக்குறியெல்லாம் போட்டு. அதுதான் அந்தப் பஞ்சுக்குள்ள இருக்குது. ஒரு அம்புக்குறியத் திருப்பிப் போட்டதுக்கு உங்ககிட்ட கையில அடிகூட வாங்கினேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் காபி இறங்கவில்லை.

அந்தப் படத்தை எத்தனை வருடம் வரைந்திருப்பேன்! அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். எந்த வண்ணச் சாக்பீஸில் எந்த அம்புக்குறி என்பதுகூட இன்றும் கைக்குத் தெரியும். பரிட்சையில் கேட்டால் ஐந்து மதிப்பெண். அம்புக்குறி மாறினால் அடி. அதே படம் என் வீட்டு வரவேற்பறையில் கண்ணாடிக்குள் நடந்துகொண்டிருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பையனுக்குத் தெரிந்திருந்தது. அடித்தவள் மறந்துவிட்டாள், அடி வாங்கியவன் அதை வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறான்.

அதனால் இன்றைக்கு அந்தப் பாடத்தை ஒழுங்காக நடத்திவிடுகிறேன். கவனியுங்கள்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அது மீனுக்கு விஷம். தண்ணீரின் காரத்தன்மையும் சூடும் கூடக்கூட விஷம் கூடும். பி.எச். 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் விஷத்தன்மையுள்ள பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். நம் ஊர்க் கடின நீரையும் வெயிலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்துவிடும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது கொஞ்சம் சேர்ந்தாலும் மீன் தாங்கும். வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் அதுவும் குறையும். இந்த வேலையைப் பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன என்று 1890 வாக்கிலேயே வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் காட்டிவிட்டார். இரண்டாவது வேலையைச் செய்வது 'நைட்ரோபாக்டர்' என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், நினைவிருக்கிறதா? மண்ணைப் பற்றிப் பேசும்போது அது சரி. நன்னீர் மீன்தொட்டிகளில் 'நைட்ரோஸ்பைரா' என்ற வேறு வகைதான் அதைச் செய்கிறது என்று 1998-இல் ஆய்வு வெளிவந்தது. நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.

இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. பஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. மிக மெதுவாகப் பெருகும். ஒரு புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு வளர்ந்து நிலைக்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதாவது ஒரு மண்டலம்.

அப்படியானால் மூன்றாம் நாள் வருகிற அந்த வெள்ளை என்ன? அது வேறு கூட்டம். தீனித் துணுக்கு, மீன் எச்சம் போன்றவற்றைத் தின்று படுவேகமாகப் பெருகும் பாக்டீரியா. புது வீட்டில் போட்டிக்கு ஆளில்லாததால் கும்பலாகப் பெருகித் தண்ணீரையே வெளுக்கவைக்கும். தின்ன எதுவும் மிஞ்சாதபோது தானாகவே அடங்கும். சில நாளிலும் அடங்கலாம், இரண்டு வாரமும் ஆகலாம். இந்த வெள்ளை மீனை நேராகக் கொல்வதில்லை. ஆனால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். அதனால் அந்த நாட்களில் காற்றுக்குமிழ் நிற்காமல் ஓடவேண்டும்.

இப்போது நான் செய்ததைப் பாருங்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தானே அதைப் போடுகிறார்கள்? அது நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பார்க்காது. அப்போதுதான் தலையெடுத்த நல்ல கூட்டம் செத்தது. நமக்கு ஒன்றும் செய்யாத அந்தக் குளோரின் மீனின் செவுளைப் புண்ணாக்கியது. அம்மோனியாவை மாற்ற ஆளில்லை. வேகமாகப் பெருகும் கூட்டத்துக்கு மறுபடி வீடு காலி. வெள்ளை திரும்ப வந்தது. நான் திரும்பக் கழுவினேன். ஒரு மண்டலம் ஓடவேண்டிய கணக்கை மூன்று முறை ஒன்றாம் நாளுக்கே கொண்டுபோய் வைத்தேன்.

இதில் கொடுமை என்னவென்றால் அம்மோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் நிறமே கிடையாது. கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீரில் மீன் மூச்சுமுட்டிச் சாகும். கலங்கிய தண்ணீரில் நன்றாக நீந்திக்கொண்டும் இருக்கும். தெளிவைப் பார்த்து நலத்தை முடிவு செய்தேன். என் தப்பு அங்கேதான்.

இனி அந்த 23 பேருக்கும் தனித்தனியாகப் பதில்.

மொத்தத் தண்ணீரையும் மாற்றச் சொன்ன 14 பேருக்கு: மேலே சொன்னதை இன்னொரு தடவை படியுங்கள். ஒரே நாளில் மொத்தமும் மாறினால் சூடும் காரத்தன்மையும் ஒரே அடியாக மாறி மீன் அதிர்ந்துபோகும். வாரத்துக்கு நாலில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

பாட்டில்காரர்கள் நால்வருக்கு: தெளியவைக்கும் மருந்து, மிதக்கும் துகள்களை ஒன்றாகத் திரட்டி ஃபில்டரில் சிக்கவைக்கிறது. அம்மோனியா அப்படியேதான் இருக்கும். கடைகளில் எல்லா நோய்க்கும் எடுத்துக் கொடுக்கிற நீலச் சொட்டு பெரும்பாலும் மெத்திலீன் நீலம். பூஞ்சை போன்ற சில நோய்களுக்கு அது மருந்துதான். ஆனால் ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாவையும் அது தாக்கும். காய்ச்சலே இல்லாதவனுக்கு ஊசி போட்ட கதை.

படிகாரக்காரர்கள் இருவருக்கு: உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் வீடுகளில் ஆற்றுத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை இழைத்தோம், படிகாரம் சுற்றினோம். அது நல்ல அறிவு. ஆனால் அது மண் கலங்கலுக்கு. தெளியவைத்து, இறுத்து எடுத்து நாம் குடித்தோம், அதற்குள்ளேயே குடியிருக்கவில்லை. படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும். அதிலிருக்கும் அலுமினியம் செவுளில் படியும். பானைக்குச் சரியானது மீனுக்குச் சரியாகாது.

ஆர்.ஓ.காரருக்கு: அந்தத் தண்ணீரில் உப்புச்சத்து மிகக் குறைவு. பி.எச். ஒரு நிலையில் நிற்க அந்தச் சத்துதான் பிடிமானம். நல்ல பாக்டீரியாவும் வேலை செய்யும்போது அதைத்தான் செலவழிக்கிறது. வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பி.எச். திடீரென்று சரியும். மீனும் தாங்காது, பாக்டீரியாவும் தாங்காது.

குழுவில் யாரும் சொல்லாத, ஆனால் பாதி வீடுகளில் நடக்கிற ஒன்றும் உண்டு. ராத்திரி ஃபில்டரை நிறுத்துவது. சத்தம் கேட்கிறது, கரண்டு பில் ஏறுகிறது என்பார்கள். வாங்க, கணக்குப் போடுவோம். சின்ன ஏர் பம்ப் 5 வாட் என்று வையுங்கள். 24 மணி நேரத்துக்கு 120 வாட் மணி, அதாவது 0.12 யூனிட். 30 நாளுக்கு 3.6 யூனிட். இதை மிச்சம் பிடிக்கத்தான் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் இல்லாமல் அந்தப் பாக்டீரியாவைத் திணறவிடுகிறோம். மறுநாள் காலையில் தண்ணீர் கலங்கியிருக்கிறதே என்று கவலையும் படுகிறோம்.

கடைசியாகத் திருஷ்டிக்காரருக்கு. உறவில் மூத்தவர், மரியாதையோடுதான் சொல்கிறேன்.

"வீட்டுக்கு வந்த கெட்டதை மீன் வாங்கிக்கொண்டது" என்பது கேட்க இதமாக இருக்கிறது. செத்த மீனுக்கு ஒரு தியாகியின் மரியாதை கிடைக்கிறது, நமக்கும் நிம்மதி. ஆனால் இந்த ஒரு வாக்கியம் எத்தனை வீடுகளில் எத்தனை மீன்களைத் தொடர்ந்து சாகடித்திருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். செத்தது நல்லதற்கே என்று முடிவானபின் யார் காரணம் தேடுவார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஒரு ஜோடி வாங்கி வருவோம். அதுவும் 'வாங்கிக்கொள்ளும்'. நான் சாமி கும்பிடுகிறவள்தான். நம் கையால் நடந்த தப்பைத் திருஷ்டியின் தலையில் கட்டுவது பக்தியில் சேராது.

அதைவிட எனக்கு உறுத்தியது ஒன்று. ஏழு வயதுப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டான். காரணம் என்ன, நான் காரணமா என்று கேட்டான். அந்த வயதில் அவ்வளவு நேர்மையாகக் கேட்ட கேள்விக்கு நாம் ஒரு பொய்யைக் கொடுத்து உட்காரவைத்தோம். 34 வருடம் "ஏன் என்று கேள்" என்று மற்றவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னவள் நான். என் பேரன் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மாணவன் வந்துபோன அன்று ராத்திரியே அவனை மடியில் வைத்துச் சொன்னேன்: "நீ போட்ட சாப்பாடு கொஞ்சம் அதிகம்தான். ஆனா மீன் செத்தது பாட்டி கழுவினதால. பாட்டிக்குத் தெரியல." அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "தெரியாமதான பண்ணின? சாரி சொல்லிடு" என்றான். ஆரஞ்சிடம் போய்ச் சாரி சொன்னேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

சரி, இனி என்ன செய்யவேண்டும்? நிறத்தைப் பாருங்கள். எல்லாக் கலங்கலும் ஒன்றல்ல.

தண்ணீர் ஊற்றிய அன்றைக்கே கலங்கலாக இருந்தால் அது கல், மணலின் தூசி. அரிசி களைவது போல, தெளிந்த தண்ணீர் வரும்வரை மணலை முன்னாலேயே களைந்திருக்கவேண்டும். பரவாயில்லை, ஓரிரு நாளில் படியும், ஃபில்டரும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாள் கழித்து வெள்ளையாக வந்தால் நான் சொன்ன பாக்டீரியாக் கூட்டம். கழுவாதீர்கள். தீனியைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். காற்றைக் கூட்டுங்கள். காத்திருங்கள்.

பல மாதம் நன்றாக இருந்த தொட்டி திடீரென்று வெளுத்தால் எங்கோ ஏதோ அழுகுகிறது. கல்லுக்குப் பின்னால் செத்த மீன் கிடக்கிறதா, தீனி குவிந்திருக்கிறதா, யாராவது பஞ்சைக் குழாயில் கழுவினார்களா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான் குற்றவாளி.

பச்சையாக இருந்தால் மிதக்கும் பாசி. ஜன்னல் வெயில் படுகிறது, அல்லது விளக்கு நாள் முழுக்க எரிகிறது. தொட்டியை இடம் மாற்றுங்கள். மூன்று நாலு நாள் போர்வை போட்டு இருட்டாக்கினால் பெரும்பாலும் அடங்கும். காற்று மட்டும் ஓடட்டும்.

டீ டிகாஷன் மாதிரி மஞ்சள் பழுப்பாக இருந்தால் உள்ளே வைத்த மரக்கட்டையின் சாயம். மீனுக்குக் கெடுதல் இல்லை.

அடுத்து கன அளவு. ஐந்தாம் வகுப்புப் பாடம், யாரும் மறந்தேன் என்று சொல்லக்கூடாது. இரண்டடி, ஓரடி, ஓரடி. பெருக்கினால் 2 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். மொத்தம் 56.6 லிட்டர். மேலே விட்ட இடம், உள்ளே கல் எல்லாம் போனால் 45 லிட்டர் தேறும். இதில் ஆறு பொன்மீன்! இரண்டே அதிகம். பொன்மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும், அரை அடிக்கு மேல் வளரும், ஒழுங்காக வைத்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழும். நம் வீடுகளில் பத்து நாள் வாழ்கிறது. அதனால் அதன் ஆயுளே அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டோம்.

தீனி ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. கோயில் குளத்தில் பொரி வீசி வளர்ந்த கை நமக்கு, தாராளமாகத்தான் போடும். அது குளம், இது 45 லிட்டர்.

தண்ணீர் மாற்றும்போது முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வையுங்கள். 24 மணி நேரத்தில் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரமென்றால் கடையில் குளோரின் நீக்கும் சொட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவப் பயன்படுத்திய ஹைப்போவும் அதே வேலையைத்தான் செய்யும். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து மாட்டுங்கள். அழுக்காகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. மீன் மேலே வந்து வாய் திறந்து தவித்தாலோ, செவுள் சிவந்தாலோ, மூலையில் ஒடுங்கினாலோ சும்மா இருக்கக்கூடாது. குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு, நிலைமை மோசமென்றால் பாதி மாற்றுங்கள். தேவைப்பட்டால் மறுநாளும் செய்யுங்கள். பஞ்சையும் கல்லையும் தொடாதீர்கள். அம்மோனியா பார்க்கும் சோதனைச் சொட்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் ஆபத்து. நான் ஊற்றிய பாட்டில்களின் காசில் அதை முதலிலேயே வாங்கியிருக்கலாம்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாரையும் சொல்லவில்லை. என் மாணவன் தொட்டி கேட்டு வருகிறவர்களிடம் "இன்னைக்குத் தொட்டி வாங்குங்க, மீன் அப்புறம் வாங்குங்க" என்கிறான். பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்களாம். அப்படியானால் தப்பு கடைக்காரர் மேல் மட்டுமா? அன்றைக்கே மீன் வேண்டும், அன்றைக்கே தெளிவாக இருக்கவேண்டும் என்று கேட்பது நாம்தானே?

பிறந்தநாள் விழாவுக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஆளுக்கொரு மீன் கொடுத்தனுப்புகிறார்களே, அதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அஞ்சு லிட்டர் தண்ணீர், ஃபில்டர் இல்லை, காற்று இல்லை. ஒரு வாரத்தில் அத்தனை வீட்டிலும் ஒரு குழந்தை அழும். அத்தனை வீட்டிலும் ஒரு பெரியவர் 'திருஷ்டி' என்பார். தயவுசெய்து நிறுத்துங்கள். பென்சில் டப்பா கொடுங்கள். ஒரு புத்தகம் கொடுங்கள்.

ஆரஞ்சு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாணவன் மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு பஞ்சு கொண்டுவந்து கொடுத்தான். கறுத்து, வழவழவென்று, அழுக்கின் மொத்த உருவமாக இருந்தது. பழைய டீச்சராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பேன். "இதுக்குள்ளதான் டீச்சர் உயிர் இருக்குது" என்று சொல்லி என் ஃபில்டருக்குப் பக்கத்தில் மாட்டினான். அதற்குப் பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன், தீனியைச் சிட்டிகையாக்கினேன். வேறெதுவும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்து நிற்பேன். பதினோராம் நாள் காலையில் தண்ணீர் தெளிந்திருந்தது. சோதனைச் சொட்டு மஞ்சளுக்கு வர மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. இன்றைக்கு ஆரஞ்சு என் உள்ளங்கை நீளம் இருக்கிறது. பேரன் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு அளந்து தண்ணீர் மாற்றுகிறான். பின்னம் அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை.

கல்யாணத்துக்குப் போனபோது அந்த மாணவனிடம், அன்று கையில் அடித்தது தப்பு என்று சொன்னேன். "விடுங்க டீச்சர், அதனாலதான் மறக்கல" என்றான். அவன் பெருந்தன்மை அது. அடித்ததால்தான் படித்தான் என்று நான் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. அதுவும் அந்தத் திருஷ்டி மாதிரி ஒரு சமாதானம்தான்.

தம்பி, போட்டோ போட்டவனே, கடைசியாக உனக்கு. உன் தொட்டிக்கு நாலு நாள்தான் ஆகிறது. இன்றைக்குத் தீனி போடாதே. பட்டினியில் மீன் சாகாது. பம்பை ராத்திரியும் ஓடவிடு. வாளியில் தண்ணீர் பிடித்து வை. மீன் மேலே வந்து தவிக்கிறதா என்று மட்டும் பார். இதற்குள் பதினாலு பேர் பேச்சைக் கேட்டுக் கழுவிவிட்டாய் என்றால் பயப்படாதே, திட்டமாட்டேன். பெரியம்மா மூன்று முறை கழுவியவள். போன் பண்ணு. மாணவனிடம் சொல்லி ஓர் அழுக்குப் பஞ்சு வாங்கித் தருகிறேன்.

மற்றவர்கள் கமென்ட்டில் சண்டை போடலாம். காரணத்தோடு போடவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்